அடைக்கோழியும் இரண்டு காக்கைகளும்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. எரிச்சலில் எதையாவது முன்பின்னாகச் சொல்லிவிடுவேன். நான் அடைகாக்கும் கோழி. வைக்கோல் கூடையில், முட்டைகளின் மேல், முருகன் பெயரைச் சொல்லியபடி சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் காக்கைகள் இரண்டுக்கும் அது பொறுக்கவில்லை. ஒன்று முன்னால் நின்று வாயடிக்கும், இன்னொன்று பின்னால் வந்து வாலை இழுக்கும்.

“என்ன அக்கா, சேவல் விரட்டிவிட்டதால் சாமியாராகிவிட்டாயா?”

நேற்று இதற்குப் பதில் சொல்லத்தான் எழுந்தேன். வாயடித்ததை நான் துரத்திய நேரத்தில், வாலை இழுத்தது ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இன்றும் வந்துவிட்டன. வாலை இழுத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. “முருகா” என்றேன்.

“அவர் கொடியில் இருப்பது சேவல், அக்கா. உன்னை அங்கே யார் கேட்டார்கள்?”

நல்ல பதில் ஒன்று தொண்டைவரை வந்தது. விழுங்கினேன். மறுபடி “முருகா” என்றேன். மனதுக்குள் அந்தக் காக்கையைத் திட்டிக்கொண்டேதான் சொன்னேன்.

பின்னால் நின்றது ஓர் இறகைப் பிடுங்கியே விட்டது. வலியில் கண் இருண்டது. நான் திரும்பவில்லை. இறக்கைகளை இன்னும் அகல விரித்து, மிச்ச முட்டைகளின் மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டேன்.