அதே இலை

"அத்தை, மறைக்காம சொல்லுங்க. மாமா கஷாயத்துல என்ன கலக்குறீங்க?"

கஷாயச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த புஷ்பவள்ளியின் கை நின்றது. "நிலவேம்புதான். வேற என்ன?"

"நானும் அதே செடியில பறிச்சு, உங்க வீட்டுத் தண்ணியிலயே காய்ச்சி, லேப் மெஷின்ல போட்டுப் பாத்துட்டேன். மாமா குடிக்கிறதுல ஒரு பொருள் இருக்கு. நான் காய்ச்சினதுல அது இல்ல. கருப்பட்டி போடுறீங்களா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

லோஷினிக்கு அது வெறும் ஆராய்ச்சி இல்லை. மணியம் மாமாவுக்கும், அவருடைய தங்கையான அவள் அம்மா மலருக்கும் ஒரே ஆண்டில் பெருங்குடலில் புற்றுநோய் வந்தது. மலேசியாவின் பெக்கான் நானாஸ் ஊரில் இந்த வீட்டு வேலியோரம் முளைத்த நிலவேம்பைத்தான் இருவரும் குடித்தார்கள். மாமாவின் கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது. அம்மா தீபாவளியைக்கூடப் பார்க்கவில்லை. அண்ணனைக் காப்பாற்றிய இலை தங்கையை ஏன் கைவிட்டது? அது தெரியாமல் லோஷினிக்குச் சோறு இறங்கவில்லை.

வாசலிலிருந்து மாமா கத்தினார்: "லோஷினி! அந்த மருந்துக்கு மணியம்னு பேர் வைக்கச் சொல்லு லா! ஸ்கேனைப் பாத்து டாக்டரே வாயப் பொளந்துட்டாரு!"

"நீங்க வாய மூடிக்கிட்டு பேப்பரப் படிங்க!" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, அத்தை சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

"அவரு காதுல விழக்கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியம், அத்தை."

"ஆஸ்பத்திரி மாத்திரையத் தொடவே மாட்டேன், இலைதான் காப்பாத்தும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. நான் என்னம்மா பண்ணுவேன்? வேளா வேளைக்கு அந்த மாத்திரையக் கரைச்சு கஷாயத்துல ஊத்திட்டேன். கசப்போட கசப்பா குடிச்சிட்டாரு."

லோஷினி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இத அம்மாகிட்ட சொல்லலியா?"

"மலருகிட்ட எதுக்கு? அது மாத்திரைய ஒழுங்கா முழுங்குற புள்ள. சொன்னா, அண்ணன்கிட்ட போய் ஒளறிடும்னு விட்டுட்டேன். ஏன், என்னடி இப்படிப் பாக்குற?"



"மாமாவோட ஸ்கேன் வந்த அன்னிக்கே, இலையே போதும்னு அம்மா மாத்திரைய நிறுத்திட்டாங்க, அத்தை."