அந்தச் சட்டியைத் தொடாதே

"அந்தச் சட்டியத் தொடாதேன்னு எத்தனை தடவடி சொல்றது?"

சோணையம்மாள் போட்ட சத்தத்தில் பெண்கள் வார்டே திரும்பிப் பார்த்தது.

கட்டிலுக்கடியில் இருந்த எனாமல் சட்டியை எடுக்கக் குனிந்த முத்தழகு, சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்து இன்னும் ஒரு பொங்கல்கூடப் பார்க்காத மருமகள்.

"இல்ல அத்தை, நர்சம்மா அதுல வந்து..."

"நர்சம்மாவாவது ஒண்ணாவது! போயி வெந்நி வாங்கிட்டு வா. போ."

முத்தழகு தூக்குவாளியோடு போனாள்.

பக்கத்துக் கட்டில் காளியாயிக்குப் பொறுக்கவில்லை. "ஏந்தாயி, அந்தப் புள்ளைய ஒரு நிமிசம் உக்கார விட மாட்டியா? இப்பத்தான் காப்பிக்கு வெரட்டின. அதுக்குள்ள வெந்நியா?"

"எம் மருமக, நான் வெரட்டுறேன். ஒனக்கென்ன?"

"எனக்கென்ன! இல்லாத வீட்டுப் பொண்ணு கை பட்டா சட்டிகூடத் தீட்டாப் போயிரும்போல" என்று காளியாயி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

திருக்கோஷ்டியூர்த் தெப்பத்துக்கு விளக்கு வைக்கப் போன இடத்தில் என்னத்தைச் சாப்பிட்டாளோ, சோணையம்மாளுக்கு வாந்தியும் பேதியும். சொந்த ஊரான கல்லலிலிருந்து காரைக்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே கண் சொருகிவிட்டது. கண்ணாடிப் புட்டியில் சலைன் இறங்க இறங்கத்தான் பேச்சு வந்தது. வந்த பேச்செல்லாம் மருமகளுக்கே.

லூசியா நர்ஸ் வந்தாள். ஊசி ஏறியிருந்த இடது கையைத் தொட்டுப் பார்த்தாள். வீங்கியிருந்தது. குனிந்து சட்டியைப் பார்த்தாள். கழுவி வைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது.

வெந்நீரோடு வந்த முத்தழகை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள்.

"என்ன காவல் இருக்க நீ? மறுபடியும் ஊசி நரம்ப விட்டு விலகியிருக்கு. கைய ஆட்ட விடாதேன்னு சொன்னேன்ல?"

"பக்கத்துல நிக்க விட்டாத்தானே நர்சம்மா..."

"ஒண்ணுக்குப் போனாகளா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல. நான் பாக்குறப்பல்லாம் சட்டி காலியாத்தான் இருக்கு."

லூசியாவின் முகம் மாறியது. "உள்ள ஏத்துறதுக்குத் தக்கன வெளிய வரணும் புள்ள. அத அளந்து பாத்துத்தான் அடுத்த புட்டியே போடுறது. புட்டி புட்டியா ஏத்துறோம். செம்புத் தண்ணியும் காலியாகுது. ஒண்ணுமே வெளிய வரலைன்னா அம்புட்டும் எங்க போகுது?"

டாக்டர் அருள்பிரகாசம் வந்தார். பின்னாலேயே சோணையம்மாளின் மகன் மருது.

"என்னம்மா, ஒண்ணுக்குப் போனீங்களா?"

சோணையம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆம்பளை கேட்கிற கேள்வியா இது? அதுவும் பெற்ற மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்ததுதான் பதில்.

டாக்டர் மருதுவை வெளியே அழைத்தார்.

"பேதியில உடம்பு வத்தி, கிட்னி நின்னுருச்சோன்னு பயமா இருக்கு. இதுக்கு மேல ஏத்துனா நெஞ்சுல நீர் கோத்துக்கும். ஏத்தாமலும் இருக்க முடியாது. மதுரைக்குக் கொண்டு போயிருங்க."

"அதுவரைக்கும் தாங்குமா சார்?"

"நேரத்தக் கடத்தாதீங்க. மொதல்ல காரப் பிடிங்க." மருது கார் பிடிக்க ஓடினான்.

இதையெல்லாம் முத்தழகு தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். 'கொப்புடையம்மா, எங்க அத்தைய எனக்குக் குடுத்துரு' என்று கும்பிட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னடி மூஞ்சி இப்படி இருக்கு? போயி ஒரு சோடா வாங்கிட்டு வா."

முத்தழகு உடனே கிளம்பினாள். வாசல்வரை போனவள், கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டிய காலி சோடாப் புட்டியை எடுக்காமல் வந்துவிட்டோமே என்று திரும்பினாள்.

கதவருகே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சோணையம்மாள் கட்டிலிலிருந்து ஒருக்களித்து எட்டி, ரப்பர்க் குழாய் விண்ணென்று இழுபட, வலது கையால் அந்த எனாமல் சட்டியைச் சுவரோரச் சலதாரையில் சாய்த்துக்கொண்டிருந்தாள். கழுவி ஊற்றப் பக்கத்திலேயே செம்புத் தண்ணீர்.

"ஐயோ அத்தை! என்னத்தச் செய்றீக! நர்சம்மா, ஓடியாங்க!"

லூசியா பாய்ந்து வந்து சட்டியைப் பிடுங்கினாள். பாதியாவது மிஞ்சியது. அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வராந்தாவில் ஓடினாள்.

"டாக்டர்! இருக்கு டாக்டர்! நல்லாப் போயிருக்காக!"

டாக்டர் எட்டிப் பார்த்தார். "அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்தார். "காரு வேணாம்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லுங்க. அடுத்த புட்டியப் போடுங்க."

முத்தழகு தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"மூத்திரத்தப் பாத்து இம்புட்டு சந்தோசப்படுற சனத்த இங்கனதான் பாக்குறேன்" என்றாள் காளியாயி. ஆனால் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லூசியா ஊசியைச் சரிசெய்து, கையைப் பலகையோடு சேர்த்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே கேட்டாள்.

"உசுரோட வெளையாடிட்டீகளேம்மா. அளக்கணும்னு ஒங்களுக்குத் தெரியாது, சரி. ஊசி குத்துன கைய வச்சுக்கிட்டு நீங்களே ஏன் சாய்க்கணும்? மருமக தொட்டா என்ன கொறஞ்சா போயிருவீக?"

சோணையம்மாள் முத்தழகைப் பார்த்தாள். முத்தழகு தண்ணீர் எடுக்கப் போகட்டும் என்று காத்திருந்து, பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நான் பொண்ணு பாக்கப் போனன்னிக்கு, படுத்த படுக்கையாக் கெடந்த ஆத்தாளோட சட்டியத் தூக்கிக்கிட்டுத்தான் இவ எதுக்க வந்தா நர்சம்மா. சின்னப் புள்ளையிலேருந்து அதே வேலையாம். 'எங்க வீட்டுக்கு வந்தா இந்தக் கையில இந்தச் சட்டி ஏறாது தாயி'ன்னு அந்த மகராசிகிட்டச் சொல்லித்தான் இவளக் கூட்டியாந்தேன்."