பதினொரு புத்தகமும் ஓர் இடைவெளியும்

"இன்னியோட நின்னுக்கோ. நாளைக்கு வேற ஆள் வரும்."

வேலைக்காரம்மாகிட்ட சொல்லிட்டேன். பொறுமைக்கும் ஓர் எல்லை இல்லையா?

பின்னே என்னங்க? ஹால் அலமாரியில நான் ஆசை ஆசையா வாங்கி வெச்சிருக்கிற பழைய பிரெஞ்சுப் புத்தகங்கள், மொத்தம் பதினொண்ணு. தோல் அட்டை, முதுகுல தங்க எழுத்து. நூறு வருஷத்துல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பழுப்பா மங்கியிருக்கு. நான் வெளுத்ததுல ஆரம்பிச்சுக் கருத்தது வரைக்கும் நிறம் பாத்து அடுக்குவேன்.

வேலைக்காரம்மா தூசி தட்டுறேன்னு அத்தனையும் கலைச்சு வெப்பா. போதாக்குறைக்கு நடுவுல, பல்லு விழுந்த வாய் மாதிரி ஓர் இடைவெளி.

ஒரு நாளா, ரெண்டு நாளா? ஆறு மாசம். திட்டினா தலையை ஆட்டுவா. மறுநாள் பழைய குருடி கதவைத் திறடிதான்.

அன்னிக்குப் பாத்து என் வீட்டுக்காரரோட மேலதிகாரி சாயங்காலம் வர்றார். பழைய புத்தகம்னா உயிரை விடுறவர், பிரெஞ்சும் தெரியும். டீ கொடுத்துட்டுப் போன்னு அவளை நிறுத்தி வெச்சேன். நான் புத்தகங்களை நிறம் பாத்து மாத்தி அடுக்குறதுக்குள்ள வாசல் மணி அடிச்சிருச்சு.

வந்தவர் உட்காரக்கூட இல்லை. நேரா அலமாரிகிட்ட போய் நின்னார்.

"நிறைய வீடு பாத்துட்டேம்மா. எல்லாரும் அழகுக்குத்தான் அடுக்குவாங்க. இங்கதான் பாகம் வரிசையா இருக்கு. இல்லாத பாகத்துக்கு இடம்கூட விட்டிருக்கு. யார் அடுக்கினது?"

"நான்தான்"னேன். கூச்சமே இல்லாம வந்துச்சு.

அவருக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பாகத்தை எங்கெல்லாம் தேடினீங்கன்னு கேட்டார். எந்தப் பாகம்னே எனக்குத் தெரியாது.

டீத் தட்டோட வந்தவ சொன்னா: "அந்த ஏழாவதை அம்மா தேடாத இடமில்லைங்க. அது கிடைக்கலையேன்னு தினமும் புலம்புவாங்க."

அவர் போனதும் அவளைச் சமையலறையில பிடிச்சேன். உனக்குப் பிரெஞ்சு தெரியுமான்னு கேட்டேன்.

அவ ரோமன் எண் போட்ட ஹால் கடிகாரத்தைக் காட்டினா. "முதுகுல இருக்கிற கோடெல்லாம் அதுலயும் இருக்கேம்மா. ஒண்ணுலேருந்து பன்னிரண்டு. ஏழு மட்டும்தான் இல்லை."

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவை சொன்னேம்மா."

அவ டம்ளரைக் கழுவிக் கவுத்தா, பையை எடுத்துக்கிட்டா, வாசல்ல நின்னு திரும்பினா.

"நாளைக்கு வர்ற ஆள்கிட்ட மட்டும் மறக்காம சொல்லிடுங்கம்மா. எட்டுக்கு முன்னாடி இடம் விடணும்."