ஏழு மணி வரைக்கும்

நாள் முழுக்க ஆபீஸையே ஆட்டிவைத்த மேனேஜரம்மா, பார்க்கில் ஸ்கேட்போர்டு வழுக்கிவிட, மறுபடியும் குப்புற விழுந்தாள்.

"மூளையை ஆபீஸ்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று கத்தினாள் கோச். "முட்டியை மடக்குங்கன்னு எத்தனை தடவை சொல்றது? அந்தப் பச்சைச் சட்டைக்காரருக்கும் உங்க வயசுதான். எப்படிப் போறார் பாருங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேனேஜரம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். 'ஏழு மணி ஆகட்டும், வச்சுக்கறேன்.'

ஏழு மணிக்கு, வீட்டில் கணக்குப் புத்தகத்தைப் பிரித்து வைத்துவிட்டுச் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"ம், போடு. பக்கத்து வீட்டுப் பொண்ணு எல்லாத்தையும் முடிச்சிட்டாளாம்!"

எதிரே இருந்த கோச்சின் கண் கலங்கியது. "நாளைக்குத் திட்டாம சொல்லித் தர்றேம்மா!"

"அது நாளைக்கு," என்றாள் பெற்றவள். "முதல் கணக்கே தப்பு. மூளையை பார்க்லயே வச்சிட்டு வந்துட்டியா?"