வேலியோரத்துச் சந்தனம்

கடப்பாரை கல்லில் பட்டுத் தெறித்தது.

அவர் மறுபடி ஓங்கினார்.

வேலியை ஒட்டி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வந்துவிட்டது. இன்னும் ஒரு முழம் போனால் போதும். தம்பியின் வேலமரம் இந்தப் பக்கம் வேர்விட்டுத் திருடுவது அதோடு நிற்கும்.

திருட்டுதான். வேறென்ன? அந்தப் பக்கம் வேலமரம் மூன்று ஆள் உயரம் நிற்கிறது. இந்தப் பக்கம் அவருடைய சந்தனக் கன்று, நாலு வருடமாகியும் தோளுக்கு வரவில்லை.

முப்பது கன்று வைத்தார். மிஞ்சியது இது ஒன்றுதான். இதுவும் போனால் நிலம் மொட்டை.

நிலமும் அப்படி. மண் என்று சொல்ல முடியாது, சரளை. பாகம் பிரித்ததில் கிணறும் நல்ல மண்ணும் தம்பிக்குப் போயின. இவருக்குக் கல். சீட்டுக் குலுக்கித்தான் பிரித்தோம் என்பார்கள். குலுக்கிய கை யாருடையது? தம்பியின் மாமனாருடையது. அன்றோடு பேச்சு நின்றது. பதினோரு வருடம்.

கன்று கொடுத்த நர்சரிக்காரனையும் அவர் நம்பவில்லை. பைக்குப் பை பொன்னாங்கண்ணி முளைத்திருந்தது. அதைப் பிடுங்க வேண்டாம், சந்தனத்துக்குத் தனியாகத் தின்னத் தெரியாது, பக்கத்து வேரைப் பிடித்துத்தான் பிழைக்கும் என்றான். களையெடுக்கச் சோம்பல்பட்டவன் சொல்கிற கதை. எல்லாவற்றையும் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி இரண்டு நாள் பொரியல் செய்தாள். நல்ல கீரை.

நிலத்திலும் ஒரு புல் விடவில்லை. துடைத்து வைத்தார்.

கன்றுகள் வரிசையாக மஞ்சளடித்துச் செத்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம்.

தம்பி வந்து நின்றான். பள்ளத்தைப் பார்த்தான்.

"மெதுவா வெட்டுண்ணா. கீழ ஓடுறது உன் மரத்து வேரு."

பதினோரு வருடம் கழித்து வாயைத் திறக்கிறான். அதுவும் பொய் சொல்ல.

அவர் நிமிரவில்லை. வேண்டுமென்றே ஓங்கிப் போட்டார். ஒரு வேர் அறுந்தது.

தம்பி கிணற்றுப் பக்கம் நடந்தான்.

அவர் பள்ளத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணை விலக்கினார்.

வேலமரத்து வேர் கறுத்துத் தடித்துக் கிடந்தது. வேலி வரைக்கும் வந்து, திரும்பித் தன் பக்கமே போயிருந்தது.

அறுந்தது அது இல்லை. வெளிறிய, மெல்லிய வேர். விரலால் தடவிக்கொண்டே போனார். விரல் சந்தனக் கன்றின் அடியில் போய் நின்றது.

அதே மாதிரி இன்னும் மூன்று வேர்கள். மூன்றும் கறுப்பு வேரில் போய், மாட்டு மடியில் உண்ணி ஒட்டுகிற மாதிரி, கவ்விக்கொண்டு இருந்தன.

திருடன் அங்கிருந்து வரவில்லை. இங்கிருந்து போயிருக்கிறான்.

அறுந்த வேரைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். சேர்த்து வைத்தால் ஒட்டுமா என்ன.

மண்ணைக் கையாலேயே தள்ளிப் பள்ளத்தை மூடினார். நகத்தில் சரளை ஏறியது.

மூடிவிட்டு, வேலி இடுக்கு வழியாக வேலமரத்தடியைப் பார்த்தார்.

சுற்றி வட்டமாகப் பாத்தி கட்டியிருந்தது. சித்திரை வெயிலில் பாத்தி ஈரமாக இருந்தது. கிணற்றடியிலிருந்து மரம் வரைக்கும், நடந்து நடந்து புல் தேய்ந்துபோன ஒற்றைத் தடம்.

தானாக வளர்கிற வேலமரத்துக்கு எவனாவது தண்ணீர் ஊற்றுவானா?



பிறகு எழுந்து, ஆள் நுழைய எங்கேயாவது வழி இருக்கிறதா என்று வேலியோரமாக நடந்து பார்த்தார். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை இலந்தை முள். கோழி நுழைய இடமில்லை.

அவரே அடைத்தது.

கிணற்றடியில் வாளி இறங்கும் சத்தம் கேட்டது.

தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார்.

முதல் தடவை சத்தம் வரவில்லை.