கடவையில் இறுகிய பிறேக்

“பிள்ளை, இறங்கு! வாகனத்தை விட்டிட்டு ஓடி வா!”

கொக்குவில் ரயில் கடவையின் இரண்டு பக்கமும் சனம் கூடிவிட்டது. காலை ஏழரை மணி. பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு பெரிய கறுப்பு ஜீப். புத்தம் புதுசு. சாரதி ஆசனத்தில் உதயகலா. முப்பது வயதுக்காரி. எத்தனை பேர் கூப்பிட்டும் இறங்குவதாக இல்லை.

“என்னவாம் பிரச்சினை?”

“பார்க்கிங் பிறேக் இறுகிப் போச்சு. பட்டனிலை வேலை செய்யிற பிறேக். பட்டரி செத்துப் போனதாலை விடுகுதில்லை.”

“தள்ளிப் பாக்கிறதுதானே?”

“தள்ளிப் பாத்தாச்சு. பின் சில்லு ரெண்டும் ஒரு சொட்டும் அசையேல்லை.”

கடவைக் காவலாளி போனைக் காதிலிருந்து எடுத்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“யாழ்ப்பாணத்திலையிருந்து ரெயின் வெளிக்கிட்டிட்டுது!”

சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு ரயில் வரும் பக்கமாகத் தண்டவாளத்தில் ஓடினார்.

“உயிரைவிட வாகனம் பெரிசோ?”

கூட்டத்தின் முன்னால் நின்ற வெள்ளைச் சேட்டுக்காரர்தான் கத்தினார். கையில் போன். மடிப்புக் கலையாத உடுப்பு.

“சாமானிலை ஆசை! உள்ளை இருந்து சாகப்போகுது உது!”

“பொம்பிளையளுக்கு ஏன் உவ்வளவு பெரிய வாகனம்?” என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

“அதுதானே!” என்று தலையாட்டினார் வெள்ளைச் சேட்டுக்காரர்.

உதயகலா கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினாள்.

“ஓட்டோ அண்ணை! உங்கடை பட்டரியைக் கழட்டிக்கொண்டு வாங்கோ! வயர் கிடந்தால் அதையும் எடுத்துக்கொண்டு ஓடி வாங்கோ!”

ஓட்டோக்கார கோபிசங்கர் தயங்கினான்.

“தங்கச்சி, ஓட்டோ பட்டரியிலை உந்த இஞ்சின் ஸ்ராட் வராது.”

“ஸ்ராட் வரத் தேவையில்லை அண்ணை. பிறேக் விடுற அளவுக்குக் கரண்ட் வந்தால் காணும். பிறகு தள்ளலாம்!”

அவன் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. பட்டரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தான். பொனற்றைத் திறந்து வயரைத் தொடுத்தான்.

உதயகலா பட்டனை அமத்தினாள். முன்னால் வெளிச்சம் ஒருக்கால் மின்னி அணைந்தது.

“அண்ணை, வயரை இறுக்கிப் பிடியுங்கோ! கையை எடுக்காதேங்கோ!”

கடவை மணி அடிக்கத் தொடங்கியது. தூரத்தில் ரயிலின் ஊதல்.

“ஐயோ, ரெண்டு பேரும் போகப்போகினம்!” என்று யாரோ அழுதார்கள்.

கோபிசங்கர் ரயில் வரும் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்தான். ஆனால் வயரை விடவில்லை.

உதயகலா சீற் பெல்ற்றைப் போட்டாள். காலால் பிறேக்கை மிதித்தாள். பட்டனை மறுபடி அமத்தினாள்.

பின் சில்லுப் பக்கமாக ‘ர்ர்ர்’ என்று ஒரு சின்னச் சத்தம். பட்டனில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

“விட்டிட்டுது! நியூற்றலிலை நிக்குது! தள்ளுங்கோ!”

ஒரு கணம் ஒருவரும் அசையவில்லை.

மீன் விற்கப் போய்க்கொண்டிருந்த தங்கமுத்துதான் முதலில் தலையிலிருந்த மீன் கடகத்தைத் தெருவில் போட்டுவிட்டு ஓடினாள். “என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வாங்கோவன்!”

அவ்வளவுதான். அந்தக் கரையிலிருந்தும் இந்தக் கரையிலிருந்தும் சனம் பாய்ந்தது. சேலை, சாறம், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை எல்லாம் ஒன்றாக ஜீப்பில் தோளைக் கொடுத்தன.

“ஒண்டு, ரெண்டு, தள்ளு!”

ஜீப் அசைந்தது. ஒரு தண்டவாளத்தைத் தாண்டியது. கோபிசங்கர் பட்டரியைப் பிடித்தபடியே பக்கத்தில் ஓடினான்.

“இன்னும் ஒருக்கால்! தள்ளு!”

மற்றத் தண்டவாளத்தையும் தாண்டி, தார் றோட்டில் போய் நின்றது.

சிவப்புக் கொடியைக் கண்டு பிறேக் போட்ட ரயில், கிறீச்சிட்டுக்கொண்டு கடவையைக் கடந்தது. நூறு யார் தூரம் தாண்டித்தான் அதனால் நிற்க முடிந்தது.

அப்போது எழுந்த ஆரவாரம்! முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கோபிசங்கரை நாலு பேர் தோளில் தூக்கிவிட்டார்கள். ரயில் யன்னல்களில் இருந்து ஒன்றும் விளங்காமலே சனம் கை காட்டியது.

உதயகலா இறங்கினாள். தங்கமுத்து அவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏசினாள்.

“உனக்கென்ன விசரே பிள்ளை? ஒரு இரும்புக்காக உயிரைக் குடுக்கப் பாத்தியே!”

“இரும்புக்காக இல்லை அம்மா. அந்த ரெயினிலை எவ்வளவு சனம், பாருங்கோ.”

தங்கமுத்து திரும்பிப் பார்த்தாள். யன்னலுக்கு யன்னல் முகங்கள். பிறகு மெல்லச் சொன்னாள்.

“சரி மோனை, வாகனத்தை வீட்டை கவனமாய்க் கொண்டு போ.”

“நான் ஸ்கூட்டியிலை வந்தனான் அம்மா. வாகனம் பழக்கிற இடத்திலை வேலை. பழக வாற பிள்ளையள் காத்துக்கொண்டு நிப்பினம், நேரம் போயிட்டுது.”

“அப்ப உந்த வாகனம் ஆருடையது?”

உதயகலா திரும்பினாள். ஆரவாரத்துக்கு நடுவே நடந்து போய், வெள்ளைச் சேட்டுக்காரருக்குப் பக்கத்தில் நின்றாள். வேறு ஒருவருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

“ஐயா, நீங்கள் இறங்கி ஓடேக்கை உங்கடை வாகனத் திறப்பை உள்ளுக்கை விட்டிட்டியள். பிறேக் இப்ப சரி, பயப்பிடாமல் ஏறுங்கோ.”