இரண்டாவது படம்

'பேட்' என்று கரும்பலகையில் எழுதியதுமே வகுப்பு இரண்டாகப் பிரிந்து மல்லுக்கு நின்றது. பாதிப் பேர் கிரிக்கெட் மட்டை என்றார்கள், பாதிப் பேர் வௌவால் என்றார்கள்.

இரண்டுமே சரி என்று டீச்சர் சொன்னதில் பிள்ளைகளுக்குப் பெருத்த ஏமாற்றம். சண்டை சப்பென்று முடிந்துவிட்டது.

அடுத்த வார்த்தை 'பார்க்'. நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இரண்டு அர்த்தத்துக்கும் இரண்டு படம் வரையச் சொன்னாள். அந்த இடைவெளியில் வாசலுக்குப் போய் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் செய்தாள்.

கணவர் இன்னும் கண் திறக்கவில்லை. இன்றோடு இருபத்து மூன்று நாள். ஸ்கூட்டரை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போன கார் எது என்று போலீசுக்கும் பிடிபடவில்லை.

இடித்தவன் நாசமாகப் போகட்டும் என்று அவள் சபிக்காத நாளில்லை. அதே வாயால் இன்னொருவரை வாழ்த்தாத நாளுமில்லை.

ரத்தவெள்ளத்தில் கிடந்த கணவரைத் தன் வீட்டுத் தெருமுனையிலிருந்து அள்ளி டாக்ஸியில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தவர், இதே வகுப்பில் படிக்கும் சிட்டுவின் அப்பா. கார் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் வந்திருப்பேனே, போன மாதம்தானே விற்றேன் என்று அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கணவரின் கூடப்பிறந்தவர்கள்கூட அப்படி அழவில்லை. சாயங்காலம் மகளைக் கூப்பிட வரும்போதெல்லாம் நின்று விசாரிக்காமல் போகமாட்டார்.

அதனால் டீச்சரிடம் சிட்டுவுக்கு மட்டும் கொஞ்சம் சலுகை. மற்றவர்களுக்கு ஒரு ஸ்டார் என்றால் அவளுக்கு இரண்டு.

சிட்டு படம் வரைவதில் மகா கறார். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் வரைவாள். ஒருமுறை டீச்சரை வரைந்தபோது செருப்பில் போட்டிருந்த தையலைக்கூட விட்டுவைக்கவில்லை. மானம் போயிற்று.

இன்றும் முதல் ஆளாக நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் அவள்தான்.

இடது பக்கம் பூங்கா. ஊஞ்சல், பெஞ்சு, பெஞ்சில் வாயைப் பிளந்து தூங்கும் ஒரு தொப்பைக்காரர். டீச்சர் தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

வலது பக்கம் ஒரு வெள்ளைக் கார். பாதியைத் தார்ப்பாய் மூடியிருந்தது. மூடாத பாதியில் ஒரு விளக்கு உடைந்திருந்தது. கதவின் குறுக்கே நீளமாக ஒரு கிளிப்பச்சைக் கோடு.

அந்தப் பச்சை அவளுக்குத் தெரியும். எந்த ஸ்கூட்டரும் அந்த நிறத்தில் விற்பனைக்கு வருவதில்லை. ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை வீணாக்குவானேன் என்று கணவர் தன் கையாலேயே ஸ்கூட்டருக்குப் பூசினார். கிளி பறக்குது பார் என்று தெருவே கேலி செய்தது. அவளும்தான்.

"இந்தக் காரை எங்கம்மா பார்த்தே?"

"எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் மிஸ். அப்பா பார்க் பண்ணி வச்சிருக்காரு. அங்க யாரும் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

டீச்சர் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

சிட்டு நோட்டை நீட்டியபடி காத்திருந்தாள். வாடிக்கையாகக் கிடைப்பது கிடைத்தாக வேண்டும் அவளுக்கு.

படத்தில் ஒரு தப்பும் இல்லை. டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு ஸ்டார் போட்டாள். இரண்டாவதைப் போடும்போது தாள் கிழிந்துவிட்டது.

மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு பறந்தார்கள்.

வாசலில் சிட்டுவின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, எப்போதும்போலப் பணிவாக எட்டிப் பார்த்தார்.

"சார் கண்ணு முழிச்சாரா டீச்சர்? ஏதாவது பேசினாரா?"